ஐக்கிய அமெரிக்காவில் ரவைக்கூட்டுச் சட்டங்கள்

களஞ்சியத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லொன்று இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக ஆங்கிலத்திற் புகுந்து ‘மகசீன்’ என நிலைபெற்றது. பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம் என்பதே அதன் முதற் கருத்து. வெடிமருந்து வைக்கும் கட்டடமும் அப்பெயர் பெற்றது. 1731 ஆம் ஆண்டில் இலண்டனிலே தோன்றிய ‘ஜென்றில்மன்ஸ் மகசீன்’ என்னும் வெளியீடு, செய்திகளின் களஞ்சியம் என்ற கருத்தில் அதே பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. அன்று தொட்டுச் சஞ்சிகைகளும், கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களும் அப்பெயருக்கு உரித்தாயின. துப்பாக்கியில் ரவைகளை அடுக்கி வைக்கும் கூட்டுக்கும் அதுவே பெயர். இங்கு ஆராயப்படுவது இந்த இறுதிக் கருத்திலமைந்த மகசீனே; ரவைக்கூடு எனத் தமிழில் வழங்குவது.

ரவைக்கூடு அமைப்பில் மிக எளியது. தகட்டினாலோ பிளாத்திக்கினாலோ ஆன பெட்டி ஒன்று. அதன் அடியிலே ஒரு சுருள்வில். வில்லின்மீது ரவைகளை மேலே தள்ளும் ஒரு சிறு தட்டு. இவ்வளவே. துப்பாக்கியின்றி அது ஒருவருக்கும் ஊறு செய்யாது. அதன்மீது தொடரிலக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் இச்சிறு பெட்டியின் கொள்ளளவு பற்றி ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ நூறாண்டுகளாகச் சட்டமன்றங்களும் நகரசபைகளும் நீதிமன்றங்களும் வாதிட்டு வந்துள்ளன. எத்தனை ரவைகள் மிகுதி என்பது அவ்வாதத்தின் ஒரு பகுதி மட்டுமே. ஓர் ஊரின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் சட்டமொன்று, நாடெங்கும் பொதியாகச் செல்லக்கூடிய பொருளொன்றை எங்ஙனம் தடுத்து நிறுத்தும் என்பதே அதனினும் கடினமான வினா.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் வெளிவந்த ஹென்றித் துப்பாக்கி, குழலின் கீழே பொருத்திய நீண்ட குழாயொன்றிற் பதினைந்து ரவைகளைக் கொண்டிருந்தது. அக்குழாய் துப்பாக்கியின் உறுப்பாகவே இருந்தமையால் அதனைத் தனியே விற்றல் என்பதற்கு இடமிருக்கவில்லை. 1879 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர், கழற்றி மாட்டக்கூடிய பெட்டிக் கூட்டுக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். பிரித்தானியப் படைகள் நெடுங்காலம் கையாண்ட லீ என்பீல்டுத் துப்பாக்கியின் பெயரில் முன்னிற்பவர் இவரே. கூடு துப்பாக்கியை விட்டுப் பிரிந்த அந்நாளே அது தனிச் சரக்காகும் வழி திறந்தது எனலாம். ஆயினும் அதன் விளைவு வெளிப்பட நாற்பது ஆண்டுகள் சென்றன.

1921 இல் விற்பனைக்கு வந்த தொம்சன் துப்பாக்கி இருபது ரவைப் பெட்டியுடனும், ஐம்பது, நூறு ரவைகள் கொள்ளும் வட்ட உருளைகளுடனும் கிடைத்தது. படைக்கென ஆக்கப்பட்ட இத்துப்பாக்கியை மதுவிலக்குக் காலத்துக் கள்ளக் கடத்தற் கும்பல்கள் கைக்கொண்டன. 1929 பெப்ரவரி 14 ஆம் நாள் சிக்காகோவிலே ஒரு வண்டிக் கொட்டகையில் எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டபோது நாடு முழுவதும் திடுக்குற்றது. ஆனால் சட்டங்கள் அந்நிகழ்ச்சிக்கு முன்னரே தோன்றத் தொடங்கிவிட்டன என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. 1927 இலே மிச்சிகன் மாநிலம் மீண்டும் ரவை நிரப்பாது பதினாறு முறைக்கு மேற் சுடவல்ல துப்பாக்கிகளைத் தடுத்தது. அதே ஆண்டில் றோட் ஐலண்ட் பன்னிரண்டு என வரையறுத்தது. 1932 இல் தலைநகராகிய வாசிங்டன் மாவட்டமும் பன்னிரண்டையே எல்லையாகக் கொண்டது. 1933 இல் ஒகையோ பதினெட்டு என்றது. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையே நியாயம் எங்குள்ளது என எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சட்டமன்றமும் தான் அஞ்சிய ஆயுதத்தை மனத்திற்கொண்டு ஓர் எண்ணை எழுதிற்று என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வெண் தேசியச் சட்டத்தினுள்ளும் நுழையவிருந்தது. 1934 இல் மத்திய அரசு கொணர்ந்த துப்பாக்கிச் சட்ட மூலத்தில், நிரப்பாது பன்னிரண்டோ அதற்கு மேலோ சுடவல்லது இயந்திரத் துப்பாக்கி என்ற வரைவிலக்கணம் முதலில் இருந்தது. குழு விசாரணையின்போது தேசிய றைபிள் சங்கத்தின் தலைவர் கார்ல் பிரெடெரிக் வேறொரு வரைவிலக்கணத்தை முன்வைத்தார்: விசையை ஒருமுறை அழுத்தியதும் பல ரவைகள் வெளிப்படின் அதுவே இயந்திரத் துப்பாக்கி, எண் முக்கியமன்று. அக்கருத்தே சட்டமாயிற்று. அதனால் ரவைக்கூட்டின் கொள்ளளவு மத்திய சட்டத்தினின்றும் அறுபது ஆண்டுகள் அகன்று நின்றது. மிச்சிகன் மாநிலமும் தன் வரம்பை 1959 இல் நீக்கிவிட்டது.

இதனிடையே தபாற் பொதியின் கதை வேறாக வளர்ந்து வந்தது. 1927 இல் அமெரிக்கக் காங்கிரசு, மறைத்துக் கொண்டுசெல்லக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தபால் மூலம் அனுப்புவதைத் தடைசெய்தது. தடை அரசாங்கத் தபாலுக்கே உரியதாயிருந்தமையால் வணிகர் தனியார் பொதி நிறுவனங்களை நாடினர். வழியை மூடியவர்கள் அதன் பக்கத்து ஒழுங்கையைத் திறந்து விட்டனர். முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 1963 மார்ச்சு மாதத்திலே சிக்காகோ நகரக் கடையொன்றிலிருந்து கற்பனைப் பெயர் பூண்ட ஒருவருக்கு டலஸ் நகரத் தபாற்பெட்டி முகவரிக்கு ஒரு றைபிள் அனுப்பப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 22 ஆம் நாள் சனாதிபதி கென்னடி அத்துப்பாக்கியாற் கொல்லப்பட்டார். அது ஆறு ரவைகளே கொள்ளும் பழைய இத்தாலியப் படைத்துப்பாக்கி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அன்று கவலைக்குரியதாயிருந்தது கொள்ளளவன்று, அனுப்பும் முறையே. மார்ட்டின் லூதர் கிங்கும் றொபேட் கென்னடியும் 1968 இற் கொல்லப்பட்ட பின்னரே, மாநிலங்களுக்கிடையே துப்பாக்கிகளையும் ரவைகளையும் தனியாருக்குப் பொதியாக அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டு ஒக்டோபர் 22 ஆம் நாள் கையொப்பமாயிற்று. ரவைகள் மீதான தடை 1986 இல் நீக்கப்பட்டது. வெற்று ரவைக்கூடோ இச்சட்டங்கள் எதனுள்ளும் அடங்கவில்லை. அது துப்பாக்கியுமன்று, ரவையுமன்று, உதிரி உறுப்பு. ஓர் இலாம்புச் சிமினியைப் போல அதனை யாரும் யாருக்கும் அனுப்பலாம் என்ற நிலையே எஞ்சியது.

1989 சனவரி 17 ஆம் நாள் கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரொக்டன் நகர ஆரம்பப் பாடசாலையொன்றின் விளையாட்டு முற்றத்தில், எழுபத்தைந்து ரவை உருளை பொருத்திய துப்பாக்கியுடன் ஒருவன் நுழைந்தான். ஐந்து சிறுவர் இறந்தனர். அவர்கள் கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போருக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். முப்பதின்மர் வரையிற் காயமுற்றனர். இந்நிகழ்ச்சி ரவைக்கூட்டை மீண்டும் சட்டத்தின் கண்முன் நிறுத்தியது. நியூ யேர்சி 1990 இற் பதினைந்து என எல்லை கட்டியது. 1993 திசம்பரில் நியூ யோர்க்கை அடுத்த லோங் ஐலண்ட் புகைவண்டியில் அறுவரைக் கொன்றவன் புதிய கூடு மாற்ற முயன்ற வேளையிலேயே பயணிகள் அவனைப் பற்றிப் பிடித்தனர். அச்சில விநாடிகளே எண் வரையறைக்கு ஆதாரமான வாதத்துக்கு உயிர் கொடுத்தன: கூடு சிறிதாயின் இடைவெளி பல, இடைவெளி பலவாயின் தப்புவோரும் தடுப்போரும் பலர்.

1994 செத்தம்பர் 13 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டம் பத்து ரவைகளுக்கு மேற்பட்ட கூடுகளைத் தடுத்தது. ஆனால் அந்நாளுக்கு முன்னர் ஆக்கப்பட்டவற்றை விற்கவும் வாங்கவும் அனுப்பவும் அச்சட்டமே இடமளித்தது. உற்பத்தியாளர் முன்கூட்டியே ஆக்கிக் குவித்தனர். வெளிநாட்டுப் பழைய சரக்கும் இறக்குமதியாயிற்று. விலை ஏறியது, சரக்கு அற்றுப்போகவில்லை. பத்தாண்டு எல்லையுடன் இயற்றப்பட்ட அச்சட்டம் 2004 செத்தம்பர் 13 இல் தானாகவே மறைந்தது. அதன் பின்னர் இவ்விடயத்தில் மத்திய அரசின் குரல் கேட்கவில்லை. ரூசன் நகரிலே 2011 சனவரி 8 ஆம் நாள் காங்கிரசு உறுப்பினர் கிபோட்ஸ் அம்மையாரின் மக்கள் சந்திப்பிற் சுட்டவன் கொண்டுசென்றது முப்பத்து மூன்று ரவைக் கூடு. ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி உட்பட அறுவர் மாண்டனர். அவனையும், இரண்டாவது கூட்டை மாட்ட முயன்ற கணத்திலேயே அங்கிருந்தோர் மடக்கினர்.

மத்திய சட்டம் அற்ற நாட்டில் மாநிலங்களும் நகரங்களுமே தத்தம் வேலியைக் கட்ட வேண்டியனவாயின. வேலி கட்டுவோர் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். விற்பதை மட்டும் தடுப்பதா? வெளியிலிருந்து கொணர்வதையும் தடுப்பதா? முன்னரே கையிலுள்ளதை வைத்திருப்பதையும் குற்றமாக்குவதா? விடைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன.

மேரிலாந்து மாநிலம் 1994 இல் இருபதையும், 2013 ஒக்டோபர் முதலாந் தேதி தொடக்கம் பத்தையும் எல்லையாக்கியது. ஆனால் அது தடுத்தது மாநிலத்தினுள் ஆக்குதலையும் விற்றலையும் வாங்குதலையும் கைமாற்றுதலையுமே. அயல் மாநிலத்துக்குச் சென்று வாங்கித் திரும்பிக் கொணர்வதும், கொணர்ந்ததை வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகவில்லை. எல்லையைக் கடந்து ஒரு மணிநேரம் வாகனம் செலுத்துபவனுக்கு அச்சட்டம் இல்லை என்பதே பொருள். பக்கத்திலுள்ள வாசிங்டன் மாவட்டமோ வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. 2012 திசம்பரில் அங்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற் புகழ்பெற்ற செய்தியாளர் ஒருவர், வாதத்துக்கு விளக்கமாக முப்பது ரவைக் கூடொன்றைக் கையிலெடுத்துக் காட்டினார். அவர் காட்டியதே சட்டமீறல் எனப் பலரும் சுட்டிக்காட்டினர். விசாரணையும் நடைபெற்றது, வழக்குத் தொடரப்படவில்லை. சட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே நகைத்த அரிய தருணங்களுள் அது ஒன்று.

கலிபோர்ணியாவின் கதை விரிவாகக் கூறத்தக்கது. 2000 சனவரி முதலாந் தேதி தொடக்கம் அம்மாநிலம் பத்து ரவைக்கு மேற்பட்ட கூடுகளை ஆக்குதல், இறக்குமதி செய்தல், விற்றல், கொடுத்தல், இரவல் வழங்கல் ஆகியவற்றைத் தடுத்தது. வைத்திருத்தலைத் தடுக்கவில்லை. வணிக மூளை இவ்விடைவெளியை விரைவிற் கண்டது. கூட்டை உடல், வில், தட்டு, அடிமூடி எனப் பிரித்து உறையிலிட்டு, ‘திருத்தப் பொதி’ என்ற பெயரில் அனுப்பினர். பழைய கூடு உடையவன் அதனைத் திருத்திக்கொள்ள உதவும் உறுப்புகள் என்பது அவர்களது விளக்கம். பொதியைப் பெற்றவன் ஒரு சில நிமிடங்களிற் கூட்டைப் பொருத்திவிடுவான். அஃது எந்தப் பழைய கூட்டைத் திருத்தியது என்று எவரும் கேட்பதில்லை. 2014 சனவரி தொடக்கம் இப்பொதிகளும் தடுக்கப்பட்டன. ஆயினும் 2017 இலே சன் பிரான்சிஸ்கோ நகரச் சட்டத்தரணி டெனிஸ் ஹெரேரா, இத்தகைய பொதிகளைக் கலிபோர்ணியாவுக்குள் விற்றனவெனப் பிற மாநில நிறுவனங்கள் சிலவற்றின்மீது வழக்குத் தொடுத்தார். நகரொன்று தன் எல்லைக்கு நெடுந்தூரத்துக்கு அப்பாலுள்ள கடைக்காரனை நீதிமன்றத்துக்கு அழைத்த இவ்வழக்கில் இப்பொருளின் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது.

கனெற்றிக்கட் மாநிலத்துச் சாண்டி ஹூக் பாடசாலையில் 2012 திசம்பர் 14 ஆம் நாள் இருபது சிறுவரும் ஆறு பெரியோரும் கொல்லப்பட்டனர். ஐந்து நிமிடங்களுக்குள் 154 ரவைகள் சுடப்பட்டன. கூடுகள் முப்பது ரவை கொள்ளுவன. அடுத்த ஆண்டு நாடெங்கும் சட்டங்கள் இயற்றப்பட்ட ஆண்டாயிற்று. நியூ யோர்க்கு மாநிலம், பத்து ரவைக் கூட்டினுள் ஏழு ரவைகளுக்கு மேல் இடலாகாது என விதித்தது. பத்துக் கொள்ளும் பெட்டியில் எட்டாவது ரவையை இட்டவன் குற்றவாளி என்னும் அவ்விதியை நீதிமன்றம் ஆண்டு முடிவதற்குள் நீக்கியது. சன்னிவேல் நகர வாக்காளர் 2013 நவம்பரில், பத்துக்கு மேற்பட்ட கூட்டை வைத்திருத்தலையே தடுக்கும் விதியை நேரடி வாக்கெடுப்பால் நிறைவேற்றினர். மாநிலம் துணியாததை ஓர் ஊர் துணிந்தது. 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இடைநிறுத்த மறுத்தது.

இலினோய் மாநிலத்து ஹைலண்ட் பார்க் நகரின் செயல் நேரத்தோடு நடத்திய போட்டியாகும். அவ்வாண்டு மாநிலச் சட்டமன்றம், இத்தகைய ஆயுதங்கள் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நகரசபைகளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடிவுசெய்து, பத்து நாள்களையே கடைசித் தவணையாக விட்டது. அத்தவணை முடியுமுன் ஹைலண்ட் பார்க் தன் கட்டளைச்சட்டத்தை நிறைவேற்றியது. அதனை எதிர்த்த வழக்கு 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே தோற்றது. உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. சட்டம் எல்லாச் சோதனைகளிலும் வென்று நின்றது. 2022 யூலை 4 ஆம் நாள், அந்நகரத்துச் சுதந்திரதின ஊர்வலத்தின்மீது கட்டடமொன்றின் கூரையிலிருந்து ஒருவன் சுட்டான். முப்பது ரவைக் கூடுகள் கொண்டு ஒரு நிமிடத்துக்குட்பட்ட நேரத்தில் எண்பத்து மூன்று ரவைகள் சுடப்பட்டன, எழுவர் மாண்டனர். துப்பாக்கி நகரெல்லைக்கு அப்பால் வாங்கப்பட்டது. ஓர் ஊரின் சட்டம் அவ்வூரின் கடைத்தெருவை மட்டுமே ஆளும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. 2023 சனவரியில் இலினோய், றைபிள்களுக்குப் பத்தும் கைத்துப்பாக்கிகளுக்குப் பதினைந்தும் என மாநிலம் முழுவதற்கும் எல்லை வகுத்தது.

கொலராடோவின் அனுபவம் வேறு வகையினது. 2012 யூலையில் அரோரா நகரத் திரையரங்கொன்றிற் பன்னிருவர் கொல்லப்பட்டனர். கொலைஞனின் நூறு ரவை உருளை நடுவிற் சிக்கிக்கொண்டமையால் உயிர் தப்பியோர் பலர் என்பர். 2013 யூலை முதலாந் தேதி தொடக்கம் பதினைந்துக்கு மேற்பட்ட கூடுகளை விற்பதையும் புதிதாகப் பெறுவதையும் அம்மாநிலம் தடுத்தது. அந்நாளுக்கு முன் வாங்கியவர் வைத்திருக்கலாம். எந்தக் கூடு எந்நாளில் வாங்கப்பட்டது என்பதை எவ்வாறு அறிவது என மாநிலத்து ஷெரிப்புகளுட் பெரும்பாலானோர் நீதிமன்றத்திலே வினவினர். வினாவிற் பொருளில்லை எனக் கூறல் இயலாது. அம்மாநிலத்தில் ரவைக்கூடு ஆக்கிய நிறுவனமொன்று வயோமிங்குக்கும் ரெக்சாசுக்கும் இடம்பெயர்வதாக 2014 இல் அறிவித்தது. மாநிலத்தின் எல்லை பதினைந்தாயிருக்க, போல்டர் நகரம் 2018 இல் தனக்குப் பத்து என விதித்தது. நகரங்கள் மாநிலத்தினும் கடுமையான விதி இயற்றலாகாது எனக் காரணங்காட்டி 2021 மார்ச்சு 12 ஆம் நாள் நீதிபதியொருவர் அதன் அமலாக்கத்தைத் தடுத்தார். பத்து நாள்களின் பின் அந்நகரத்துப் பலசரக்குக் கடையொன்றிற் பதின்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவ்விரண்டையும் காரணமும் காரியமுமாக இணைத்தல் தவறு, கொலைஞன் வேற்றூரான். 2024 இல் அவன் கொலைக் குற்றங்களுடன் சட்டம் தடுத்த ரவைக்கூடுகளை வைத்திருந்த குற்றத்துக்கும் உள்ளானான். பதினைந்து என்ற மாநில எல்லையும் அக்கூடுகளை நிறுத்தவில்லை. எனினும் 2021 இலேயே கொலராடோச் சட்டமன்றம் நகரங்களுக்கு அவ்வதிகாரத்தை மீட்டளித்தது.

விற்பவன் நிலையையும் நோக்கல் வேண்டும். ரெக்சாசிலோ கென்றக்கியிலோ இருந்து பொதி அனுப்பும் வணிகனுக்கு முகவரியே சட்டப்புத்தகம். நியூ யோர்க்கு மாநிலத்துக்குப் பத்து. அதே மாநிலத்து நியூ யோர்க்கு நகரத்தில் றைபிள் கூட்டுக்கு ஐந்து. டெலவேயருக்கு 2022 தொடக்கம் பதினேழு. வேமொன்றுக்கு 2018 தொடக்கம் றைபிளுக்குப் பத்து, கைத்துப்பாக்கிக்குப் பதினைந்து. தபாற் குறியீட்டெண் நகரெல்லையோடு ஒத்துச் செல்வதுமில்லை. ஆகவே பல வணிகர் மாநிலப் பெயரையும் கவுண்டிப் பெயரையும் நகரப் பெயரையும் பட்டியலிட்டு, அங்கெல்லாம் அனுப்புவதில்லை என அறிவித்தனர். ஐயம் உள்ளவிடத்து முழு மாநிலத்தையுமே விலக்கியோரும் உளர். நேர்மையான வணிகனை இவ்வேற்றுமைகள் மலைக்கச் செய்தன. நேர்மையற்றவனுக்கு அவை மறைவிடமாயின. 2022 யூலையில் நடைமுறைக்கு வந்த வாசிங்டன் மாநிலச் சட்டம் விற்பனையோடு இறக்குமதியையும் வெளிப்படையாகத் தடுத்தமைக்கு இவ்வனுபவமே காரணம் எனக் கருதலாம்.

ஊரெல்லையின் வலியின்மையைக் கண்டவர்கள் வைத்திருத்தலையே தடுக்க முற்பட்டனர். அங்கு அரசியலமைப்பு குறுக்கிட்டது. 1791 இல் ஏற்கப்பட்ட இரண்டாந் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கிறது; கோடிக்கணக்கானோர் கையிலுள்ள ஒரு பொருளைக் குற்றப்பொருளாக்கல் அவ்வுரிமைக்கு முரண் என்பது எதிர்ப்போர் வாதம். வீட்டுக் காவலுக்குப் பத்து ரவைகளே போதும் என்பதை யார் தீர்மானிப்பது என்றும் அவர்கள் கேட்டனர். கலிபோர்ணியா மக்கள் 2016 இல் வாக்கெடுப்பின் மூலம் பெரிய கூடுகளை வைத்திருத்தலைத் தடுத்தனர். அது நடைமுறைக்கு வருமுன்னரே சான் டியேகோ நகர மத்திய நீதிபதி றொஜர் பெனிற்றஸ் இடைக்காலத் தடை விதித்தார். 2019 மார்ச்சு 29 ஆம் நாள் கொள்ளளவுத் தடை முழுவதையுமே செல்லாதெனத் தீர்த்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் அவரோடு உடன்பட்டு, 2021 இல் விரிந்த ஆயத்தில் மாறுபட்டது. 2022 இல் உயர் நீதிமன்றம், இத்தகைய சட்டங்களை நாட்டின் பழைய வழக்காற்றோடு ஒப்பிட்டே அளத்தல் வேண்டும் எனப் புதுவிதி வகுத்து வழக்கைத் திருப்பியனுப்பியது. அவ்வளவுகோலின் வரவால், மறக்கப்பட்டிருந்த 1927 ஆம் ஆண்டு மிச்சிகன், றோட் ஐலண்ட் சட்டங்களை வழக்கறிஞர் மீண்டும் தேடியெடுத்தனர். 2025 மார்ச்சு 20 ஆம் நாள் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம், எழுவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையாற் கலிபோர்ணியாத் தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

2019 மார்ச்சுத் தீர்ப்புக்கும் அதனை நிறுத்திவைத்த உத்தரவுக்கும் இடையே ஒரு வாரமே சென்றது. ஏப்பிரில் 5 ஆம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கதவு மீண்டும் மூடப்பட்டது. அவ்வேழு நாள்களிலும் பத்தொன்பது ஆண்டுகளாக அம்மாநிலத்துக்கு அனுப்ப மறுத்த வணிகரெல்லாம் இரவு பகலாகப் பொதி கட்டினர். பல கடைகளிற் சரக்கு முற்றும் தீர்ந்தது. அவ்வாரத்தில் வாங்கியவர்களைக் குற்றவாளிகளாக்கலாகாது என நீதிபதி தம் உத்தரவிலேயே காப்பு வழங்கினார். அன்று கலிபோர்ணியா வீடுகளைச் சென்றடைந்த கூடுகளுக்கும், அதன் முன்னும் பின்னும் கள்ளமாக வந்தவற்றுக்கும் உருவில் வேற்றுமையில்லை. அவற்றின்மீது தேதி பொறிக்கப்பட்டிருப்பின், அது தொழிலகத்திலிருந்து வெளிவந்த தேதி. எல்லையைக் கடந்த தேதியன்று.